சபையில் வரங்களும் கூட்டு ஊழியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குருவானவரின் பொறுப்பில் பல ஊர்ச் சபைகள் சேர்ந்திருக்கும் தென் மாவட்டச் சேகரம் ஒன்றில் ஞாயிறு பள்ளி ஆசிரியராகவும், பின்பு காணிக்கைக் கணக்கைப் பார்ப்பவராகவும், சேகர கமிட்டி உறுப்பினராகவும் இருந்த ஆண்டுகளில், சபையார் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேதத்திலிருந்து கற்றதும் எங்கள் சபையில் கண்டதும் பதில்களில் சேர்ந்தே வரும்.

வரம் என்று வேதம் எதைச் சொல்கிறது? திறமையும் வரமும் ஒன்றா?

பேதுருவின் முதலாம் நிருபம் நான்காம் அதிகாரத்தில், வரம் பெற்ற ஒவ்வொருவரும் நல்ல உக்கிராணக்காரரைப் போல ஒருவருக்கொருவர் உதவி செய்ய வேண்டும் என்று வருகிறது. உக்கிராணம் என்பது கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டும் அறை. அந்த அறையின் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர் அரிசிக்குச் சொந்தக்காரர் அல்லர். சமையல்காரர் கேட்கும்போது அளந்து கொடுப்பதற்காக நிறுத்தப்பட்டவர். பந்தியில் சோறு குறைந்துபோன நேரத்தில் உக்கிராணத்தில் மூட்டை பிரிக்கப்படாமல் கிடந்தால், அவர் பொருளைப் பத்திரமாகக் காத்தார் என்று வீட்டுக்காரர் பாராட்டமாட்டார். வரத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்த இந்த ஒரு சொல்லே எனக்கு அதிகம் உதவியது.

திறமைக்கும் வரத்துக்கும் நடுவே கோடு கிழிப்பதில் நம்மவர்கள் அதிகம் சிரமப்படுகிறார்கள். யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுத ஆசரிப்புக் கூடாரத்துக்காகப் பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்ய யூதா கோத்திரத்துப் பெசலெயேலைக் கர்த்தர் பேர்சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்பினதாகச் சொல்லப்படுகிறது. தேவ ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று வேதம் முதன்முதலில் பெயரிட்டுச் சொல்லும் மனிதர் கைவேலைக்காரராக இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்குத் துணையாகத் தாண் கோத்திரத்து அகோலியாபும் கொடுக்கப்பட்டார். ஆகவே உளி பிடிக்கத் தெரிந்த கை, கணக்கு எழுதத் தெரிந்த கை, பிள்ளைகளை அமரவைத்துக் கதை சொல்லத் தெரிந்த வாய் ஆகிய எதுவும், தேவனுக்கென்று கொடுக்கப்படும்போது, வரத்தின் எல்லைக்கு வெளியே நிற்பதில்லை.

"எனக்கு ஒரே தாலந்துதான்" என்று சிலர் சொல்வது சரியா?

மத்தேயு 25-இல், பயணம் போகும் எஜமான் தன் ஊழியக்காரரிடம் தாலந்துகளை ஒப்படைக்கும் உவமை வருகிறது. அந்தத் தாலந்து பணத்தின் அளவு. ஒரு தாலந்து ஏறத்தாழ 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் அக்காலத்துக் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஓய்வுநாளைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், உவமையில் மிகக் குறைவாகப் பெற்ற அந்த ஊழியக்காரனின் கையிலும் ஏறத்தாழ 20 ஆண்டுக் கூலி இருந்தது. அவன் அதை நிலத்தில் புதைத்ததற்குத் தொகை சிறியது என்பது காரணம் அல்ல. எஜமானைக் கடினமானவன் என்று எண்ணிப் பயந்ததே காரணம் என்று அவனே சொல்கிறான்.

வேதத்தில் மொத்தம் எத்தனை வரங்கள் உள்ளன?

ரோமர் 12-இல் ஏழும், 1 கொரிந்தியர் 12-இன் முற்பகுதியில் ஒன்பதும், அதே அதிகாரத்தின் முடிவில் இன்னொரு வரிசையும், எபேசியர் 4-இல் ஊழியக்காரரின் பட்டியலும் வருகின்றன. பேதுரு போதித்தல், உதவி செய்தல் என்று இரண்டாகவே பிரிக்கிறார். இவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எழுதப்பட்ட சபைகளின் தேவையும் ஒன்றாக இல்லை. எனவே இவற்றைக் கூட்டி ஒரு மொத்த எண்ணிக்கை சொல்ல நான் முயல்வதில்லை.

என் வரம் எது என்று எப்படி அறிவது?

வரத்தைக் கண்டறியக் கேள்வித்தாள்கள் இப்போது வாலிபர் முகாம்களில் கொடுக்கப்படுகின்றன. அவை பேச்சைத் தொடங்க உதவும். முடிவு சொல்ல உதவாது. தன்னைப் பற்றி ஒருவர் தாமே நிரப்பும் தாளில் அவருடைய விருப்பம் தெரிகிறதே தவிர, அவரால் பிறருக்கு உண்டான பயன் தெரிவதில்லை. அந்தப் பயனைச் சொல்லக் கூடியவர்கள் அதைப் பெற்றுக்கொண்டவர்களே.

நான் இருபது வயதில் பாடகர் குழுவில் இருந்தேன். பாட்டில் விருப்பம் இருந்தது. அதைவிட அங்கியில் விருப்பம் இருந்தது. ஒரு முறை அறுப்பின் பண்டிகையில் ஏலம்விட்ட பொருள்களின் கணக்கு குழம்பிப்போய், மாலைவரை யாருக்கும் தொகை நேராகவில்லை. அன்று நான் உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். வயதான பொருளாளர் ஒருவர், "தம்பி, அடுத்த மாதமும் வந்து என்னோடு உட்காரும்" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், கணக்கு எழுதுவதும் ஓர் ஊழியம் என்பது எனக்குப் பல ஆண்டுகள் தெரியாமல் போயிருக்கும். அதனால்தான், உங்கள் வரத்தைத் தேடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, பக்கத்தில் இருப்பவரின் வரத்தைக் கண்டு அவரிடம் வாய்விட்டுச் சொல்வதற்குச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பர்னபா தர்சுவுக்குப் போய்ச் பின்பு பவுல் எனப்பட்ட சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தார் என்று அப்போஸ்தலர் 11-இல் வாசிக்கிறோம். அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் நாம் அறிந்த பவுலின் ஊழியம் தொடங்குகிறது.

மேடைக்கு வராத வேலைகளையும் வரம் என்று சொல்வது ஆறுதலுக்காகவா?

இல்லை. 1 கொரிந்தியர் 12:28-இல், அற்புதங்களுக்கும் குணமாக்கும் வரங்களுக்கும் அடுத்தபடியாக, ஊழியங்களும் ஆளுகைகளும் சொல்லப்படுகின்றன. முதலாவது சொல் கிரேக்கத்தில் கைகொடுத்துத் தாங்குவதைக் குறிக்கிறது. இரண்டாவது சொல் கப்பலின் சுக்கானைப் பிடித்து வழிநடத்துவதிலிருந்து வந்தது. பாய்மரம் விரிந்திருப்பது கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். சுக்கான் பிடித்திருப்பவரின் கை தெரியாது.

எருசலேம் சபையில் முதல் பெரிய முறைப்பாடு உபதேசத்தைப் பற்றி எழவில்லை, அன்றாடப் பந்தியைப் பற்றி எழுந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்றார்கள். அப்போஸ்தலர் அதை அற்பக் காரியமாகத் தள்ளாமல் எழுவரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். பந்தி விசாரணைக்கும் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த, நற்சாட்சி பெற்றவர்களே வேண்டும் என்றார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு நம்பி ஒப்படைக்கப்பட்டதாக நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம் கமிட்டிகளில் இப்படி ஒரு தீர்மானம் எவ்வளவு அரிது என்பதை நினைக்கும்போது அந்தப் பெயர்ப்பட்டியல் எனக்குப் பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது.

காணிக்கை எண்ணும் மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தருமப் பணத்தைப் பவுல் தனியாக எடுத்துச் செல்லவில்லை. தீத்துவோடும் சபைகளில் நற்பெயர் பெற்ற சகோதரரோடும் சேர்த்தே அந்தப் பொறுப்பை வைத்தார். ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுவதாக 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் சொல்கிறார். இரண்டு பேர் எண்ணி இரண்டு பேர் கையெழுத்திடும் வழக்கத்தைச் சந்தேகத்தின் அடையாளமாக எண்ணி வருந்துகிறவர்களுக்கு நான் இந்தப் பகுதியைத்தான் வாசித்துக் காட்டுவேன்.

"எனக்கு அந்த வரம் இல்லை" என்று ஒரு வேலையை மறுக்கலாமா?

சில வேலைகளை மறுக்கலாம்; பாடத் தெரியாதவர் பாடகர் குழுவை நடத்த வேண்டியதில்லை. ஆனால் நாற்காலி எடுத்துப் போடுவதற்கும், மழைநாளில் ஆலயத்துக்குள் வந்த தண்ணீரைத் தள்ளுவதற்கும் தனி வரம் தேவையில்லை. நெகேமியா மூன்றாம் அதிகாரத்தில் எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலைக் கட்டியவர்களின் பட்டியலில் தட்டார், தைலக்காரர், வியாபாரிகள், ஆசாரியர் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களுடைய தொழில் வேறாக இருந்தாலும், பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். சல்லூம் தன் குமாரத்திகளோடு கட்டினான். தெக்கோவா ஊராரில் பிரபுக்கள் மாத்திரம் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை, அதாவது சுமக்க முன்வரவில்லை என்று அதே பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. அலங்கம் 52 நாளில் முடிந்தது.

குருவானவர் இருக்கும்போது சபையார் ஏன் இவ்வளவு செய்ய வேண்டும்?

எபேசியர் 4:12-ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் காதால் கேட்கும்போது, ஊழியத்தின் வேலையும் சபையின் பக்திவிருத்தியும் மேய்ப்பர், போதகர் ஆகியோருடைய தனிப் பொறுப்புகளைப் போலவே தோன்றும். கிரேக்க மூலத்தை இன்று வேத அறிஞர் பலர் வாசிக்கும் விதத்தில், விசுவாசிகளை ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்துவதே மேய்ப்பரின் வேலை. ஊழியம் செய்பவர்கள் விசுவாசிகள். காலைமுதல் மாலைவரை ஒற்றை ஆளாக ஜனங்களுக்கு நியாயம் விசாரித்த மோசேயிடம், நீர் செய்வது நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று அவருடைய மாமன் எத்திரோ சொன்னார். தொய்ந்துபோவது மோசே மாத்திரம் அல்ல, வரிசையில் காத்து நின்ற ஜனங்களும்தான் என்பதை அவர் கண்டது கூர்மையான பார்வை. ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவரை ஏற்படுத்தச் சொன்னார்.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கமும் இதையே சாட்சியிடுகிறது. பாளையங்கோட்டையில் 1780-இல் சபைப் பதிவேட்டில் 40 பேர் எழுதப்பட்டபோது, அங்கே தங்கி ஊழியம் செய்யும் குருவானவர் இல்லை. ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் இருந்தார். 1778-இல் அவரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையார் அந்தச் சிறு கூட்டத்தைத் தாங்கினார். அவருடைய முயற்சியால் எழுந்த ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. குருப்பட்டம் இல்லாமல் சபையை நடத்தும் உபதேசியாராக வந்த சத்தியநாதன் 1790-இல் குருவாக அபிஷேகம் பெற்றார். பிற்காலத்திலும் ஒரு குருவானவரின் பொறுப்பில் பல கிராமங்கள் சேர்ந்து ஒரு சேகரமாக இருந்தபோது, அந்தந்த ஊரில் ஜெபம் நடத்தியதும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததும், வியாதியஸ்தரைப் பார்த்ததும் உபதேசியார்களும் சபை மூப்பர்களுமே. குருவானவரே எல்லாவற்றையும் செய்யட்டும் என்று எண்ணியிருந்தால், நம் ஊர்களில் பெரும்பாலானவற்றில் சபையே உருவாகியிருக்காது.

குழுவாக வேலை செய்வது நம் சபைகளில் நன்றாக நடக்கும் இடம் எது?

என்னைக் கேட்டால், பண்டிகையில் சபையார் சேர்ந்து சமைத்து உண்ணும் அசனம். பண்டிகைக்கு முந்தின நாள் மாலையில் பெண்கள் வெங்காயம் உரிக்க உட்காருவார்கள். அடுப்பு வெட்டத் தெரிந்தவர் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து மண்ணை வெட்டுவார். விறகு பிளப்பவர், தேங்காய் திருவுபவர், அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பவர் என்று ஒவ்வொருவரும் தம் இடத்துக்குத் தாமே வந்துவிடுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகு உலை கொதிக்கும். விடியும்போது சோறு வடித்துப் பாயில் கொட்டி மூடிவைக்கப்படும். சாம்பார் வாளி தூக்கும் வாலிபர்களுக்கு எந்த வரிசையில் இலை காலியாகிறது என்பதைச் சொல்ல, பந்தியின் முனையில் ஒரு பெரியவர் நிற்பார். அவர் ஒரு பருக்கையும் பரிமாறமாட்டார். ஆனால் அவர் இல்லாத ஆண்டில் பந்தி குழம்பிவிட்டது. ஆளுகைகள் என்று பவுல் எழுதிய வரத்தை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

அசனத்தில் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் நாம், மற்ற நாட்களில் ஏன் தடுமாறுகிறோம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அங்கே வேலையின் நோக்கம் எல்லாருக்கும் ஒன்றாகத் தெரிகிறது: உச்சிப்பொழுதில் வந்து உட்காருகிறவர்களுக்குச் சோறு போட வேண்டும். யார் பெயர் நோட்டீஸில் முதலில் வருகிறது என்று கேட்க நேரம் இருப்பதில்லை.

அசனத்திலும் மறைக்கக் கூடாத ஒரு காயம் உண்டு. இலை எடுப்பதும் பெருக்குவதும் எப்போதும் ஒரே தெருவாரின் வேலையாகவும், சமைப்பதும் பரிமாறுவதும் இன்னொரு சமுதாயத்தாரின் உரிமையாகவும் இருந்துவிட்டால், அதை வரங்களின் பகிர்வு என்று அழைப்பது தேவ வசனத்தைப் பொய்யாக்குவதாகும். பிறப்பைப் பார்த்துப் பங்கிடப்பட்ட வேலையில் ஆவியானவரின் பங்கீட்டுக்கு இடமே இல்லை. அந்தியோகியாச் சபையின் தலைவர்களாக அப்போஸ்தலர் 13 பெயரிடும் ஐவரில், லேவியனான பர்னபாவும், நீகர் என்னப்பட்ட சிமியோனும், வட ஆப்பிரிக்காவின் சிரேனே ஊரானாகிய லூகியும், ஏரோதோடு வளர்ந்த மனாயீனும், முன்பு சபையைத் துன்பப்படுத்திய சவுலும் இருந்தார்கள். உங்கள் சபையில் வேலைப் பட்டியல் எழுதும்போது, எந்த வேலை எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதை ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

குழுவுக்குள் சண்டை வந்தால் என்ன செய்வது?

வரும். முன்பு ஒரு பயணத்தில் பாதியிலேயே திரும்பிவிட்ட மாற்கை மறுபடி அழைத்துச் செல்வதா வேண்டாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுமையான கோபம் மூண்டு இருவரும் பிரிந்தே போனார்கள். அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா அதை மறைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் சிறையிலிருந்து எழுதும்போது, மாற்கை அழைத்து வா, ஊழியத்தில் எனக்கு அவன் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவிடம் பவுல் கேட்கிறார். பிரிவு நேர்ந்தாலும், பிரிந்தவரைப் பற்றிய தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் இடம் ஒன்று மனத்தில் திறந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் நான் கண்டது இது: பெரும்பாலான சண்டைகள் கருத்து வேறுபாட்டில் பிறப்பதில்லை, யாரிடம் சொல்லவில்லை, யாரைக் கேட்கவில்லை என்பதில் பிறக்கின்றன. மத்தேயு 18-இல் இயேசு சொன்னபடி, முதலில் தனியே போய்ப் பேசுவது கடினம். ஆனாலும் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டுப் பிறகு நேரில் போய்ப் பேசி ஒப்புரவான ஒருவரையும் நான் கண்டதில்லை.

பெண்களுக்கு எந்தப் பொறுப்புகள் பொருந்தும்?

ரோமர் 16-இல் பவுல் முதலில் பெயர் சொல்வது கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரியான பெபேயாளை. அடுத்து பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் உடன் வேலையாட்கள் என்று வாழ்த்தப்படுகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1976-இலேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது. 2013-இல் நந்தியால் திருமண்டலத்தில் ஒரு பெண்மணி பேராயரானார். இதற்குப் பிறகும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வெளியே எந்தப் பொறுப்பும் பெண்களுக்கு இல்லாத சபைகள் இருப்பது வேதனை தருகிறது.

பல ஆண்டுகளாக ஒருவரே ஒரு பொறுப்பில் இருக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர்களும் நாற்காலியில் இருப்பவர்களே. எண்ணாகமம் 8-இல், ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியர் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு வரவும், 50 வயதில் வேலையை விட்டுவிடவும் கட்டளை இருக்கிறது. விட்டபின் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. தங்கள் சகோதரரோடு ஊழியஞ்செய்து காவல் காக்கச் சொல்கிறது. சுமையை இளையவர் தோளுக்கு மாற்றிவிட்டு, மூத்தவர் பக்கத்தில் நிற்கிறார். இரண்டுமே தேவை. நம் சபைகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பொறுப்பை விடாமல் பிடித்திருப்பவரைத் தேர்தலில் தோற்கடிக்கிறோம், தோற்றவர் அதன்பின் அந்த வேலையின் பக்கமே வருவதில்லை, அவரிடம் இருந்த அனுபவம் அவரோடேயே வீட்டுக்குப் போய்விடுகிறது.

என்னைக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்த பொருளாளர் இரண்டு ஆண்டுகள் என்னை எழுதவிட்டுத் தாம் சரிபார்த்தார். மூன்றாம் ஆண்டு பதவியை எனக்கு விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகும் மாதக் கடைசி ஞாயிறு மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் கேட்டால் மாத்திரம் பேசுவார். அவர் பேசாமல் இருந்ததற்கு எவ்வளவு மனவலிமை வேண்டியிருந்தது என்பது, நான் அதே இடத்தில் உட்கார வேண்டிய வயதில்தான் எனக்குப் புரிந்தது.

சபை வேலையில் களைத்துப்போனவர் விலகுவது பாவமா?

இல்லை. வனாந்தரமான இடத்தில் சற்றே இளைப்பாறுங்கள் என்று இயேசு சீஷர்களிடம் சொன்னார். அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, அதன்பின் கைகளைத் தாங்கினார்கள். களைத்தவரிடம் இன்னொரு பொறுப்பைக் கொடுத்து உற்சாகப்படுத்தப் பார்ப்பவர்கள் அந்தக் கல்லை நினைக்க வேண்டும்.

முதிர்ந்தவர்களும் படுக்கையில் இருப்பவர்களும் இதில் எங்கே வருகிறார்கள்?

சரீரத்தில் பலவீனமாகக் காணப்படும் அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று பவுல் எழுதுகிறார். லூக்கா 2-இல் வரும் அன்னாள் 84 வயது விதவை; தேவாலயத்தை விட்டு நீங்காமல் ஜெபித்துக்கொண்டிருந்தவர். குழந்தை இயேசு கொண்டுவரப்பட்ட நாழிகையில், மீட்பைக் காத்திருந்த எல்லாருக்கும் அவரைக் குறித்துப் பேசியவர் அவர்.

எங்கள் சபையில் நடக்க முடியாத மூதாட்டி ஒருவர் இருந்தார். மாதத்துக்கு ஒரு முறை குருவானவரோடு திருவிருந்து கொண்டுபோகும்போது, சபையில் யார் வீட்டில் பிள்ளை பரீட்சை எழுதுகிறது, யார் வேலை தேடிச் சென்னைக்குப் போயிருக்கிறார்கள், யார் பிரசவத்துக்கு நாள் எண்ணுகிறார்கள் என்று எங்களிடம் விசாரித்துக்கொள்வார். அடுத்த மாதம் போகும்போது, ஒரு பெயரும் தவறாமல் அதன் முடிவைக் கேட்பார். கமிட்டியில் இருந்த எங்களில் பலருக்கு அந்த முடிவுகள் தெரிந்திருக்காது. ஆகவே அவரைப் பார்க்கப் போவதற்கு முந்தின வாரத்தில், அவர் கேட்பாரே என்பதற்காக, நாங்கள் அந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் விசாரிக்கத் தொடங்கினோம்.